இளங்கொடி மரத்தில் கட்டிய செடி

வேடசந்தூரிலிருந்து குடகனாற்றுக்கு இறங்குகிற வண்டிப்பாதையில் ஒரு ஆலமரம் நின்றது. அதில் நான் கட்டிவிட்ட ஒரே ஒரு செடி, 1958ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், ஒரே காலையில் ஏழாயிரம் பூப் பூத்தது. அந்தச் செடிக்கு மண் கிடையாது, சட்டி கிடையாது, எரு கிடையாது. மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் இருந்தபடியே பூத்தது. வாசனை ஆற்றை எதிர்த்து மேலே போய், தாடிக்கொம்பில் உழுதுகொண்டிருந்த ஒன்பது ஜோடி மாடுகள் நுகத்தடியோடு திரும்பி நின்று மூக்கைத் தூக்கின. அதில் இரண்டு மாடு தும்மியது. மூன்று வருஷமாகப் பால் வற்றிக் கிடந்த ஒரு கிழட்டுப் பசு அன்று சாயங்காலம் பதினாறு படி கறந்தது. பாத்திரம் போதாமல் பக்கத்து வீட்டு அண்டாவை இரவல் வாங்கினார்கள்.

இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மாட்டாஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பெயர் பாஸ்கல். என் பேச்சில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கும் என்பது அந்தத் தாலுகாவின் பால்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உட்கார்ந்து, கணக்குப் போட்டு, என்னை நம்ப மறுக்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளையே கல்யாணம் செய்துகொண்டேன்.

ஆனந்தமேரி திண்டுக்கல்லில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். என் கதை எதுவும் அவளிடம் முழுசாகக் கரை சேர்ந்ததில்லை.

"ஆத்து மணல்ல நாப்பது பாம்பு போச்சு மேரி. வரிசையா."

"எட்டு."

"நாப்பதுங்கிறேன். எண்ணுனேன்."

"எட்டுலயும் மூணு தண்ணிப்பாம்பா இருக்கும். அதைப் போயி எதுக்கு எண்ணுறீங்க?"

உண்மையில் அன்று போனது ஐந்து. அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவளுக்காகவே நான் எதையும் எட்டால் பெருக்கிச் சொல்லப் பழகினேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே எட்டால் வகுத்துவிடுவாள். இரண்டு பேரும் எப்படியோ சரியான இடத்தில் போய் நிற்போம். ஒன்பது வருஷம் எங்கள் குடித்தனம் இந்தக் கணக்கில்தான் ஓடியது.

ஒன்பதாவது வருஷம், பிள்ளை இல்லை என்று ஊரே முடிவு செய்துவிட்ட பிறகு, அவள் கர்ப்பமானாள். 1957 ஜூலையில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை.

இதில் பெருக்கிச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரமாகக் குழி வெட்டினார்கள். மணி அடிக்கவில்லை. பெயரும் வைக்கவில்லை. குழி வெட்டியவர் மண்வெட்டியைத் துடைத்துவிட்டுப் போனார். நான் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பிள்ளை இல்லாவிட்டாலும் பால் வந்தது. அவளுடைய அம்மா மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப் பூ வாங்கி வந்து, பால் வற்றுவதற்காக மார்பில் வைத்துத் துணியால் இறுகக் கட்டினார். காலையில் அவிழ்த்தால் பூ கறுத்திருக்கும். புதுப் பூ வைத்துத் திரும்பக் கட்டுவார். ஐந்து நாள். ஆறாவது நாள் நின்றுவிட்டது. பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "ஒண்ணுமே நடக்கலன்னு நெனச்சுக்க மேரி. நெனப்பே வேணாம்."

நல்ல மாணவி போல அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். வேடசந்தூர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்ததும் வாசல் கூட்டினாள், அரிசி களைந்தாள், என் காக்கிச் சட்டைக்குப் பித்தான் தைத்தாள். அழவில்லை. குறை சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காத ஒருத்தி எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள்.

முதல் வாரம் விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் மெல்ல ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு ஒரு வெள்ளாடு வந்துச்சு மேரி. பதினாறு கொம்பு."

"சரி."

"பதினாறு கொம்பு! ஒவ்வொண்ணும் ஒரு தெசையப் பாத்து நிக்குது. ஆட்டுக்காரனே பக்கத்துல போகப் பயப்படுறான்."

"சரிங்க. கொழம்பு போதுமா?"

என் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. எனக்குப் பயம் வந்தது. நாற்பத்திரண்டு வயதில், வெறிநாய் கடித்த மாட்டின் வாய்க்குள் கையை விட்டு மருந்து தடவியபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு பொய் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரித் தராசில் ஒரு கொசுவை நிறுத்தேன், கால் வீசை எடை. எருமை ஒன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. எல்லாவற்றுக்கும் "சரி". அவள் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை "இல்லை" என்று வாங்கிவிட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லாமல் போயிற்று.

ஆகஸ்டில் சிறுமலைக்குப் போக நேர்ந்தது. மலையிலிருந்து வாழைத்தார் சுமந்து இறங்கும் குதிரைகளுக்கு முதுகில் புண் வந்துவிட்டது, மருந்து போட வேண்டும். சௌகத் அலி என்ற குதிரைக்காரரின் கிழட்டுக் குதிரைக்கு மட்டும் என் கை வெள்ளையடித்த மாதிரி ஆகும்வரை களிம்பு பூசினேன். அந்தக் குதிரை சிரித்தது. நிஜமாகவே. பல் இருபத்தெட்டும் தெரிந்தது.

சௌகத் அலி பாய் நன்றி சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த மரக்கிளை ஒன்றை எடுத்துவந்தார். அதில் மூன்று செடிகள் ஒட்டியிருந்தன. பட்டையான தடித்த இலைகள், இரண்டு பக்கமும் விசிறி மாதிரி. வேர்கள் சுண்டுவிரல் கனம், வெள்ளையாக, கிளையைச் சுற்றிப் பிடித்திருந்தன.

"இது ஆர்க்கிட்டாம். எஸ்டேட் தொரை சொல்லுவாரு. வீட்டுல அம்மாவுக்குக் குடுங்க."

"எந்த மண்ணுல வைக்கணும் பாய்?"

"மண்ணுல வச்சீங்க, செத்துச்சு. மரத்துல கட்டுங்க. வெயில் நேரா அடிக்காத பக்கம். இறுக்கிக் கட்டணும் கம்பவுண்டர். ஆடுச்சுன்னா வேர் பிடிக்காது. பிடிச்சுருச்சுன்னா அப்பறம் நீங்க பிச்சாலும் வராது."

"என்னத்தைத் தின்னு வளரும்?"

"காத்தைத் தின்னு, ஈரத்தைக் குடிச்சு, சும்மா இருக்கும். ஒரு வருசம்கூட அசையாம இருக்கும். செத்துருச்சுன்னு தூக்கிப் போட்ராதீங்க."

வீட்டுக்கு வந்து, கிளையை அவள் முன்னால் வைத்து, மண் தின்னாமல் காற்றைத் தின்று வளரும் செடி இது என்றேன். வாழ்நாளில் நான் அவளிடம் கலப்படம் இல்லாமல் சொன்ன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"சரி," என்றாள்.

ஆஸ்பத்திரிப் பியூன் பொன்னழகு விவசாயக் குடும்பத்துப் பையன், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அவன் செடியைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தான்.

"சார், இது புல்லுருவி. மரத்தையே உறிஞ்சித் தின்னுரும்."

"இல்லப்பா. இது சும்மா தொத்திக்கிட்டு மட்டும்தான் இருக்கும்."

"தொத்திக்கிட்டு இருக்கறவன் தின்னாமயா இருப்பான்? எங்க சின்ன மச்சானைப் பாருங்க."

ஒரு செடி மண் இல்லாமல் வாழும் என்பதை அவனால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. எனக்குத் தெரியாமல் இரண்டு செடிகளைப் பிய்த்து, கரிசல் மண்ணும் மக்கிய சாணியும் போட்ட சட்டியில் நட்டு, பிள்ளைக்குப் பால் புகட்டுவது மாதிரி மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினான். பன்னிரண்டாம் நாள் இரண்டும் அழுகிப் போயின. மிஞ்சியது ஒன்று.

எங்கே கட்டுவது? குவார்ட்டர்ஸில் இருந்தது ஒரு முருங்கை. உடம்பு பூராவும் கம்பளிப்பூச்சி. ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் கட்டினால் வருகிற மாடெல்லாம் நாக்கை நீட்டும். மிஞ்சியது ஆற்றுப்பாதை ஆலமரம். நல்ல நிழல், பக்கத்தில் ஆற்று ஈரம், மாட்டுக்கு எட்டாத உயரத்தில் வாகான கிளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சௌகத் அலி பாய் சொன்ன மாதிரியே செய்தேன். கிளையில் கிழக்குப் பக்கமாகச் செடியை வைத்து, வேரைச் சுற்றித் தேங்காய் நார் பொதிந்து, நார் காயாமல் இருக்க ஈரச் சாக்குத் துண்டால் மூடி, கயிற்றைப் போட்டு இறுக்கினேன். இலை வெளியே தெரியவில்லை என்றே சொல்லலாம்.

இறங்கி அண்ணாந்து பார்த்தபோதுதான் நான் செய்திருக்கும் காரியம் புரிந்தது.

அந்த மரத்தில் ஏற்கெனவே ஆறு சாக்கு மூட்டைகள் தொங்கின. பசு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியை அந்தப் பக்கத்தில் இளங்கொடி என்பார்கள். அதை நாய் நரி தின்றுவிட்டால் பசுவுக்குப் பால் வற்றிவிடும், பால் வடிகிற ஆலமரத்தில் கட்டினால் பால் பெருகும் என்று நம்பிக்கை. அதனால் வைக்கோலோடு சேர்த்துச் சாக்கில் கட்டி அங்கே தொங்கவிடுவார்கள். நானோ ஊர் ஊராகப் போய், சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு, "குழி வெட்டிப் புதையுங்கய்யா, சுகாதாரம்" என்று கத்திக்கொண்டிருந்தவன். இப்போது ஆறு மூட்டைக்குப் பக்கத்தில் ஏழாவதாக, அச்சு அசலாக ஒரு மூட்டை, என் கையால் கட்டியது.

மறுநாளே மலைச்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஆற்றோரம் தோட்டம் வைத்திருக்கிற சம்சாரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஆறு மூட்டையில் இரண்டு அவருடையவை.

"ஏன் அப்பு, பொதைக்கணும் பொதைக்கணும்னு எங்க உசுர வாங்குனியே. ஒன் வீட்டுல எந்தப் பசு கன்னு போட்டுச்சு?"

"அது பசுவோடது இல்லண்ணே. செடி."

"செடி! சாக்குக்குள்ள செடி!" கூடியிருந்தவர்களைப் பார்த்தார். "கேட்டுக்கங்கப்பா. நாளைக்கு நானும் எங்க கெடாவை ஓலைப்பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு கத்திரிக்கான்னு விக்கப் போறேன்."

ஆஸ்பத்திரியே குலுங்கச் சிரித்தது. கட்டிப்போட்டிருந்த மாடுகள்கூடச் சிரித்தன. நானும் சிரித்தேன். நல்ல கேலியை வாங்கிக்கொள்வதில் எனக்கு எப்போதும் கஞ்சத்தனம் கிடையாது.

ஆனால் மூன்றாம் நாள் கேலி நின்றுபோனது. கத்தியால் அறுத்த மாதிரி. பாதையில் எதிரே வந்த மலைச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்து ஒதுங்கி நின்றார். கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் போனதும் மெதுவாகப் பேசினார்கள். நான் தினமும் சாயங்காலம் குதிரைக்கு எனிமா கொடுக்கிற பெரிய பீச்சாங்குழலில் தண்ணீர் நிரப்பி மூட்டை மேல் பீய்ச்சுவேன். அப்போது அந்த வழியாகப் போகும் வண்டிக்காரர்கள் மாட்டை அதட்டாமல் போனார்கள்.

பொன்னழகைப் பிடித்து உலுக்கினேன்.

"சார், நீங்க ஒண்ணும் வெளங்கப்படுத்த வேணாம். ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"என்னடா தெரிஞ்சு போச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "உங்க வீட்டுல மாடு இல்லைல சார். அப்ப அது... நம்ம அம்மாவோடதுன்னு பேசிக்கிறாக. போன மாசம் தவறிப்போன பிள்ளையோட கொடி. வேதக்காரங்க வழக்கம் போலிருக்கு, நாள் கழிச்சுக் கட்டுறாக, தெனமும் தகப்பன் தண்ணி ஊத்துறாரு, அடுத்த பிள்ளைக்குப் பால் தங்கணும்னு."

அன்றிலிருந்து ஊரில் ஒருவர் விடாமல் பிடித்து உண்மையைச் சொன்னேன். செடி. சிறுமலைச் செடி. ஆர்க்கிட் என்று பேர். மண் தேவையில்லை. மரத்தில்தான் கட்டவேண்டும். இரண்டு செத்துப்போச்சு, இது மூன்றாவது. பேச்சுக்குப் பேச்சு உண்மை, சொட்டு நீர் கலக்காத பால். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரே மாதிரி தலையாட்டினார்கள்.

"சரிங்கய்யா. செடிதான்."

இருபது வருஷம் பொய் சொல்லிச் சம்பாதித்த பேர். முதல் முறையாக அதை மாற்றப் போனேன், செல்லவில்லை.

ஆனந்தமேரியிடம் இதை மறைத்துவிட்டேன். அவளை வேடசந்தூர்ப் பெண்கள் யாரும் அதுவரை வந்து பார்த்ததில்லை. டீச்சர், டவுன்காரி, வேதக்காரி என்று விலகி இருந்தார்கள். இப்போது வந்தார்கள். முதலில் வந்தது மலைச்சாமியின் சம்சாரம் அய்யம்மாள். ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான். நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"வாங்க. யாரைப் பாக்கணும்?" என்றாள் ஆனந்தமேரி.

"ஒன்னையத்தான் தாயி. பச்ச ஒடம்புல்ல. பூண்டைச் சுட்டுத் தின்னு." பெட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அய்யம்மாள் கேட்டாள். "ஆம்பளையா, பொம்பளையா?"

ஆறு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி. பங்குச்சாமியார் கேட்கவில்லை, அவள் அம்மா கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தவர்கள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இங்க ஒண்ணும் நடக்கலம்மா. நீங்க வீடு மாறி வந்துட்டீங்க," என்றாள் ஆனந்தமேரி. கோபமில்லாமல், தபால்காரனிடம் சொல்கிற மாதிரி.

அய்யம்மாள் பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு செம்பு பால் கொண்டுவந்தாள். அதற்கடுத்த வெள்ளியும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சாக்கு சொல்லி வந்தாள். கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. ஆனந்தமேரி பாலை வாங்கிக் காய்ச்சி எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை.

மழைக்காலம் போனது. கிறிஸ்துமஸ் போனது. அவள் பலகாரம் செய்தாள், நான் தின்றேன். அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை. ஒரு பொய்கூட இல்லை. கொண்டுவருவதை நிறுத்திவிட்டிருந்தேன். சாயங்காலம் பீச்சாங்குழலோடு மரத்தடிக்குப் போவேன். செடி அசையவில்லை. இலை ஒன்று உதிர்ந்தது. இன்னொன்று வரவில்லை. ஜனவரியில் ஒரு நாள் சாக்கின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். நாரைத் தாண்டி ஒரு வேர் வெளியே வந்து, பட்டையின் வெடிப்புக்குள் நுனியை வைத்திருந்தது. நுனி பச்சை. தண்ணீர் பட்டதும் வெள்ளை வேர் முழுக்க மெல்லப் பச்சையாக மாறியது. திரும்ப மூடினேன். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச்சில் இலை இடுக்கிலிருந்து ஒரு காம்பு புறப்பட்டது. ஏப்ரலில், பள்ளிக்கூட லீவு தொடங்கிய வாரம், காலையில் போய்ப் பார்த்தால் பூத்துவிட்டிருந்தது. சாக்கு மக்கிக் கிழிந்து, அதன் வழியாகக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட பூ, நடுவில் ஊதா நாக்கு, பெட்ஷீட் துணியில் அச்சுப் போட்ட மாதிரி. கிட்டே போனால் நல்ல வாசனை.

வீட்டுக்கு ஓடினேன். அன்று காலையில் எனக்குள்ளிருந்த பழைய ஆள் எப்படியோ திரும்பி வந்துவிட்டான்.

"மேரி, ஆலமரத்துல செடி பூத்துருச்சு. ஏழாயிரம் பூ!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சரி," என்றாள்.

சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அய்யம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"டீச்சரம்மா! ஒங்களுது பூத்துருச்சு தாயி! நா இம்புட்டு வயசுக்குக் கண்டதில்ல. எத்தன மாட்டுக்குக் கட்டியிருக்கோம், ஒண்ணாவது பூத்திருக்கா? ஊரே அங்கதான் நிக்குது."

ஆனந்தமேரி கீரையை வைத்தாள். "எது எங்களுது?"

"கொடிதான் தாயி. அய்யா கட்டுனாகல்ல."

"என்ன கொடி?"

அய்யம்மாள் என்னைப் பார்த்தாள். ஆனந்தமேரியும் என்னைப் பார்த்தாள். ஒன்பது மாதம் கழித்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். எல்லாவற்றையும் சொன்னேன். சிறுமலை, சாக்கு, ஆறு மூட்டை, ஊர் பேசியது, நான் சொன்ன உண்மையை யாரும் நம்பாதது.

கேட்டு முடித்துவிட்டு எழுந்தாள். "இது தப்பு. இத்தன பேரு ஒரு தப்பை நம்பிக்கிட்டு இருக்கக் கூடாது. நா வந்து சொல்லுறேன்." செருப்பை மாட்டிக்கொண்டாள். கரும்பலகையில் யாரோ தப்பாக எழுதிய கணக்கை அழிக்கப் போகிறவள் மாதிரி நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம்.

மரத்தடியில் பெண்களும் சம்சாரிகளுமாக முப்பது பேர் இருப்பார்கள். ஐந்தாயிரம் என்று சொல்லலாம்தான், முப்பது. அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள். மலைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்தார். மல்லிகைத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி கூடையைத் தரையில் இறக்கினாள்.

ஆனந்தமேரி அண்ணாந்து நின்றாள். உதடு அசைந்தது.

"ஏழு," என்றாள்.

"என்ன மேரி?"

"ஏழாயிரம் எங்க இருக்கு? ஏழு. அதுலயும் ஒண்ணு மொட்டு. ஆறுன்னுதான் சொல்லணும்."

கூட்டம் இல்லாவிட்டால் அங்கேயே மண்ணில் உட்கார்ந்திருப்பேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. மரத்தின் புடைத்த வேர் மேல் ஏறி, எக்கிக் கையை நீட்டி, மக்கிய சாக்கைப் பிடித்து இழுத்தாள். ஒரு கிழவி "ஆத்தே" என்றாள். சாக்கு கையோடு வந்தது, நார் உதிர்ந்தது. உள்ளே வேர்கள் மட்டும். கிளையைச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்றாக ஓடி, பட்டையோடு பட்டையாகப் பிடித்திருந்தன.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். வகுப்பில் பேசுகிற குரல்.

"எல்லாரும் பாருங்க. இது செடி. சிறுமலைல இருந்து கொண்டாந்தது. இதுல கொடி கிடி ஒண்ணும் கெடையாது. இவுக சொன்னது நெசந்தான். நீங்கதான் தப்பா நெனச்சுக்கிட்டீங்க."

முப்பது பேரும் வேர்களைப் பார்த்தார்கள். பார்த்தால் தெரிகிற விஷயம், மறுக்க முடியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதமாகத் துண்டை எடுத்து ஒதுங்கி நின்றதெல்லாம் ஒரு செடிக்காகவா என்ற வெட்கம் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அய்யம்மாள் மட்டும் விடவில்லை. முன்னால் வந்தாள்.

"அப்ப நாங்க நம்புனது பூராவும் பொய்யா தாயி?"

"ஆமா."

"கொடியும் பொய்?"

"பொய்தான்."

"அப்ப புள்ளயும் பொய்யா? ஒனக்குப் புள்ளயே பொறக்கலயா?"

ஆனந்தமேரி வாயைத் திறந்தாள். அந்தப் பதில் எனக்குத் தெரியும். ஒன்பது மாதமாக அவள் சொல்லி வந்த பதில். வாசற்படியில் நின்று இதே அய்யம்மாளிடம் சொன்ன பதில். வாய் திறந்தபடியே இருந்தது. அது வெளியே வரவில்லை. கையிலிருந்த சாக்குத் துண்டை ஒருமுறை மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள்.

நான் குறுக்கே போனேன். "அய்யம்மா, போதும், வீட்டுக்குப் போவோம்..."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் என்னிடம். பிறகு அய்யம்மாளைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை. குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை.

"பொறந்தான். பையன். ஜூலை பதினொண்ணு, வியாழக்கெழம, விடிகால நாலே கால் மணி. நா மயக்கத்துல இருக்கேன்னு நெனச்சாங்க. துண்டுல சுத்தும்போது பாத்தேன். தல நெறைய முடி. எடது காது மடங்கி இருந்துச்சு, இவுக காது மாதிரியே. யாரும் நம்ப மாட்டாங்கன்னு நா சொல்லல. நடந்துச்சு அய்யம்மா. நா பாத்தேன்."